அந்த 12,000 ரூபாய் ஏன் இன்னும் வருகிறது?

கேள்வி: நான் திருகோணமலையைச் சேர்ந்தவன். கொழும்புப் பக்கம் ஓர் அரச பல்கலைக்கழகத்தில் மென்பொருள் பொறியியல் படிக்கிறேன். நான்கு வருடப் படிப்பு. மூன்று வருடம் முடிந்து, இப்போது ஒரு கம்பனியில் ஆறு மாத இன்டர்ன்ஷிப் செய்கிறேன். மாதம் 45,000 ரூபாய் கொடுப்பனவு தருகிறார்கள். ஐந்தாவது மாதம் முடியப்போகிறது. 'நீ கம்பஸுக்குத் திரும்பிப் போகத் தேவையில்லை, இங்கேயே இருந்துவிடு' என்று எங்கள் டீம் லீட் சொல்கிறார். இறுதி வருடத்தில் இருப்பது பெரும்பாலும் தியரி. இங்கே ஒரு மாதத்தில் படிப்பதை அங்கே ஒரு வருடத்திலும் படிக்க முடியாது. வெள்ளவத்தையில் அறை வாடகை, லாப்டொப் தவணை, புது போன் தவணை எல்லாம் போக, அம்மா அனுப்பும் 12,000 ரூபாயையும் சேர்த்துத்தான் மாதத்தை ஓட்டுகிறேன். (ட்ரெய்னிங்குக்குச் சம்பளம் இல்லை என்றுதான் வீட்டில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.) அப்பா நிலாவெளியில் ஒரு ஹோட்டலில் வேலை செய்கிறார். அம்மா இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கிறார். தங்கச்சி அடுத்த வருடம் ஏ.எல். எழுதுகிறாள். படிப்பை நிறுத்திவிட்டு வேலையில் சேர்ந்தால் குடும்பத்துக்கும் உதவலாம் அல்லவா?

— பெயர் வேண்டாம், திருகோணமலை

பதில்:

தம்பி, படிப்பா வேலையா என்று கேட்டு வரும் கடிதங்கள் எனக்குப் புதிதில்லை. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகத்தில் கணினி விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைகளும் கேட்டிருக்கிறார்கள், அவர்களைப் பெற்றவர்களும் கேட்டிருக்கிறார்கள். நீங்கள் கெட்டிக்காரர், எந்தப் பக்கம் போனாலும் வெல்வீர்கள் என்று நான் எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். அதை எழுத எனக்கு மனம் வரவில்லை.

உங்கள் கடிதத்தில் அடைப்புக்குறிக்குள் ஒரு விஷயத்தைப் போட்டிருக்கிறீர்கள். ட்ரெய்னிங்குக்குச் சம்பளம் இல்லை என்று வீட்டில் நினைத்துக்கொண்டிருக்கிறார்களாம், பிறகு சொல்லிக்கொள்ளலாமாம். மற்றதெல்லாம் பிறகு. முதலில் இதைப் பேசுவோம்.

அம்மா அனுப்பும் 12,000 எங்கிருந்து வருகிறது? இடியப்பம் காலையில் கடைக்குப் போய்ச் சேர வேண்டுமென்றால், ஊர் உறங்கும்போதே அடுப்பு மூட்ட வேண்டும். மா குழைக்க வேண்டும், உரலில் பிழிய வேண்டும், தட்டுத் தட்டாக அவித்து இறக்க வேண்டும். பிழிந்து பிழிந்து மணிக்கட்டு வீங்கிய பெண்களை நம் ஊரில் தெருவுக்கு ஒருவராகக் காணலாம். அம்மாவின் கையை நீங்கள் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? 2022 இல் காஸ் சிலிண்டருக்கு ஊரே வரிசையில் நின்றதை மறந்திருக்க மாட்டீர்கள். அந்த வருடத்திலும் அந்த அடுப்பு எரிந்துதான் நீங்கள் படித்தீர்கள்.

அப்பாவின் பக்கத்தையும் பாருங்கள். நிலாவெளி ஹோட்டல்களில் ஆட்கள் நிறைவது மே முதல் செப்டெம்பர் வரைதான். மாரி தொடங்கி வாடைக்காற்று அடித்தால் வெள்ளைக்காரர்கள் தெற்குக் கரைக்குப் போய்விடுவார்கள். இங்கே வேலை நாட்கள் குறையும், டிப்ஸ் நின்றுவிடும். அந்த மாதங்களிலும் 12,000 குறையாமல் வந்ததா? வந்திருந்தால், வீட்டில் எதைக் குறைத்து அனுப்பினார்கள் என்று ஒரு தடவையாவது கேட்டீர்களா? தங்கச்சி ஏ.எல். எழுதப்போகிறாள் என்கிறீர்கள். அவள் எத்தனை பாடத்துக்கு ரியூசன் போகிறாள், எதை விட்டுவிட்டு வீட்டிலிருந்தே படிக்கிறாள் என்று உங்களுக்குத் தெரியுமா? தெரிந்திருந்தால் எழுதியிருப்பீர்கள். போன் தவணையை எழுத மறக்கவில்லையே.

குடும்பத்துக்கு உதவலாம் அல்லவா என்று கேட்கிறீர்கள். ஐந்து மாதத்தில் உங்கள் கைக்கு வந்தது 225,000 ரூபாய். அதில் வீட்டுக்குப் போனது ஒரு ரூபாயும் இல்லை. வீட்டிலிருந்து உங்களுக்கு வந்தது 60,000. உதவ நினைக்கிறவர் இதற்குள் உதவியிருப்பார். குறைந்தது, வாங்குவதையாவது நிறுத்தியிருப்பார். நீங்கள் கொடுக்காததை நான் பெரிதாக எடுக்கவில்லை. கொழும்பில் வாடகை என்ன, சாப்பாடு என்ன விலை என்று எனக்குத் தெரியும். லாப்டொப் உங்கள் தொழிலுக்கான கருவி, அதிலும் குற்றமில்லை. உழைக்கும் வயதுக்கு வந்து, மாதச் சம்பளத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இல்லை என்று சொல்லித் தாயிடம் வாங்கினீர்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

உங்கள் பயம் என்னவென்றும் எனக்கு விளங்குகிறது. சம்பளம் என்று தெரிந்தால் கேட்பார்கள், பெரியம்மா கேட்பார், சித்தப்பா கேட்பார், 22 வயதிலேயே வீட்டுப் பாரம் முழுவதும் தோளில் ஏறிவிடும். அப்படி நடக்கும் வீடுகள் உண்டு. பிள்ளையின் பாங்க் கார்டை வாங்கித் தன் பையில் வைத்துக்கொள்ளும் பெற்றோரை இதே பக்கத்தில் நான் கடுமையாகக் கண்டித்திருக்கிறேன், இனியும் கண்டிப்பேன். பிள்ளை உழைத்த காசு பிள்ளையுடையது. ஆனால் உங்கள் வீட்டில் அப்படி நடந்ததாக உங்கள் கடிதத்தில் ஒரு வரியும் இல்லையே. கேட்கவே கேட்காத தாய்க்குப் பயந்து ஒளிக்கிறீர்கள். குடும்பத்துக்குள் யார் எவ்வளவு கொடுப்பது என்பது பேசித் தீர்க்கும் விஷயம். பேசுவதற்குக் கணக்கு எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். மூத்த பிள்ளைக்கு நான் முதலாவதாகச் சொல்லும் கடமை அதுதான். உங்கள் கம்பனியில் தினமும் காலையில் ஸ்டாண்ட்-அப்பில் நின்று, நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்யப்போகிறேன், எங்கே தடை என்று சொல்கிறீர்கள் அல்லவா? ஐந்து மாதப் பழக்கமான லீட் ஒருவருக்குச் சொல்லத் தெரிந்த வாய்க்கு, அம்மாவிடம் சொல்ல முடியவில்லை.

சரி, படிப்புக்கு வருவோம். இதுவும் அந்த 12,000 இலிருந்து பிரிந்த விஷயம் இல்லை. அடுத்த மாதத்தோடு கொடுப்பனவு நிற்கும். வாடகை நிற்காது, தவணைகளும் நிற்காது. அம்மாவிடம் கூடுதலாகக் கேட்டால், இவ்வளவு நாளும் எப்படிச் சமாளித்தாய் என்ற கேள்வி வரும். அந்தக் கேள்வி வராமல் இருக்க ஒரே வழி, சம்பளம் நிற்காமல் இருப்பது. அதனால்தான் இறுதி வருடம் திடீரென்று வெறும் தியரியாகத் தெரிகிறது என்று நான் நினைக்கிறேன். நான் நினைப்பது தவறென்றால், உண்மையைச் சொன்ன பிறகும் இதே எண்ணம் இருக்கிறதா என்று பாருங்கள்.

படிப்பை நிறுத்தக் கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. நம் நாட்டில் பல்கலைக்கழக இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் போகிறது. அந்தப் பின்தங்கிய 16 மாவட்டங்களில் திருகோணமலையும் ஒன்று. நீங்கள் எந்த வழியில் உள்ளே போயிருந்தாலும், உங்களுக்குக் கிடைத்த இடம் இன்னொரு பிள்ளைக்குக் கிடைக்கவில்லை. அந்தப் பிள்ளை மூதூரில் இருக்கலாம், வெருகலில் இருக்கலாம். இலவசப் படிப்பு என்கிறோம், ஆனால் செலவை யாரோ கட்டுகிறார்கள். 2024 இலிருந்து வற் வரி 18 வீதம். கடையில் வாங்கும் சவர்க்காரத்தில்கூட அம்மா அதைக் கட்டுகிறார். மூன்று வருடம் இருந்துவிட்டு எழுந்து போக அது பஸ் இருக்கை இல்லை.

சம்பளத்தோடு பயிற்சி என்ற ஏற்பாடு எப்படி வந்தது என்று தெரியுமா? 1906 இல் அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஹேர்மன் ஷ்னைடர் என்ற பேராசிரியர் 27 பொறியியல் மாணவர்களோடு தொடங்கினார். ஒரு வாரம் வகுப்பு, அடுத்த வாரம் தொழிற்சாலையில் கூலிக்கு வேலை. வேலைத்தலத்தில் முட்டி மோதிய கேள்வியோடு வகுப்புக்குத் திரும்புவதில்தான் அந்த ஏற்பாட்டின் பயன் இருக்கிறது. நீங்கள் கேள்விகளை மட்டும் சேர்த்துக்கொண்டு திரும்பாமல் இருக்கப் பார்க்கிறீர்கள். மென்பொருள் பொறியியல் என்ற பெயர் பரவியதே 1968 இல் ஜேர்மனியின் கார்மிஷில் நேட்டோ கூட்டிய மாநாட்டுக்குப் பிறகுதான். கோட் எழுத ஆட்கள் அப்போதும் இருந்தார்கள். ஆனாலும் பெரிய வேலைகள் காலம் கடந்தும், செலவு மீறியும், பிழையோடும் வந்தன. அதைத் தீர்க்க எழுந்த பாடங்களைத்தான் தியரி என்று தள்ளுகிறீர்கள். இன்று லீட் பிரித்துக் கொடுக்கும் சிறு துண்டை எழுதுகிறீர்கள். முழு வேலையையும் எப்படிப் பிரிப்பது, எவ்வளவு நாள் எடுக்கும், எப்படிச் சோதிப்பது என்று நாளைக்கு உங்களைக் கேட்பார்கள். அதற்குத்தான் அந்த வருடம்.

அப்புறம், லீட் 'இருந்துவிடு' என்றாரே, கடிதம் தந்தாரா? நிரந்தர வேலையா, ஊழியர் சேமலாப நிதிக்கு அவர்கள் 12 வீதம் கட்டுவார்களா? வாய்ச்சொல்லை நம்பி வளாகத்தை விடாதீர்கள். அவர் நல்ல மனதோடு சொல்லியிருக்கலாம். அப்படியானால், இறுதி வருடத்தில் பகுதிநேரமாக எடுப்பீர்களா, பட்டம் முடித்து வந்தால் இடம் தருவீர்களா என்று மின்னஞ்சலில் கேளுங்கள். உங்கள் வேலை அவருக்குப் பிடித்திருந்தால் ஒரு வருடம் கழித்தும் பிடிக்கும்.

இனி, இந்த வெள்ளிக்கிழமை 49ஆம் இலக்க பஸ்ஸிலோ இரவு ரயிலிலோ ஏறுங்கள். வட்ஸ்அப்பில் சொல்லக் கூடாது. அப்பாவும் அம்மாவும் ஒன்றாக இருக்கும் நேரம் பார்த்து, சம்பளம் எவ்வளவு, எத்தனை மாதமாக, எதற்குப் போனது என்று முழுவதையும் சொல்லுங்கள். கையில் சேலையோ கேக் பெட்டியோ கொண்டு போகாதீர்கள். பரிசை நீட்டிக்கொண்டு உண்மையைச் சொன்னால் அவர்களால் கோபப்படக்கூட முடியாது. கோபப்பட அவர்களுக்கு உரிமை இருக்கிறது. அம்மா அழலாம், அப்பா இரண்டு நாள் பேசாமல் இருக்கலாம். அதைத் தாங்கிக்கொள்ளுங்கள், விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்காதீர்கள்.

12,000 இந்த மாதமே நிற்க வேண்டும். வாங்கிய 60,000 ஐ அடுத்த சம்பளத்திலிருந்து தொடங்கித் திருப்பிக் கட்டுங்கள். முதல் தவணையைத் தங்கச்சியின் ரியூசனுக்கு அவள் கையிலேயே கொடுங்கள். புது போனை விற்றுத் தவணையை முடியுங்கள், பழையது இருக்கும். வெள்ளவத்தை அறையில் தனியாக இருந்தால் இன்னொரு பொடியனைச் சேர்த்துக்கொள்ளுங்கள், பயிற்சி முடிந்ததும் விடுதி கேட்டு விண்ணப்பியுங்கள். பல்கலைக்கழக மாணவருக்கு அரசு தரும் மகாபொல உதவித்தொகை பற்றி உங்கள் கடிதத்தில் ஒன்றும் இல்லை. 2025 இல் அது மாதம் 5,000 இலிருந்து 7,500 ஆனது. கிடைக்கிறதென்றால் அதையும் அம்மாவிடம் சொல்லும் கணக்கில் சேருங்கள்.

இதையெல்லாம் செய்தும் இறுதி வருடத்துக்குக் காசு போதாமல் வரலாம். வந்தால் எவ்வளவு, எதற்கு என்று எழுதிக் காட்டி அம்மாவிடமே கேளுங்கள். அவர் தருவார், நீங்களும் மனம் குறுகாமல் வாங்கலாம்.