மாடல் பார்ப்பது இலையையா, பின்னணியையா?

கேள்வி: இறுதியாண்டு புராஜெக்டுக்காக, பிளான்ட்வில்லேஜ் என்ற இலைப்படத் தொகுப்பை (டேட்டாசெட்) வைத்து இலை நோய்களைக் கண்டறியும் ஏஐ மாடல் ஒன்றைப் பயிற்றுவித்தேன். சோதனையில் 98 சதவீதம் சரியாகச் சொல்கிறது. வயலில் செல்போனில் எடுத்த படங்களில் தடுமாறுகிறது. 'எதை வைத்து முடிவெடுக்கிறது என்று மாடலையே காட்டச் சொல்' என்கிறார் கைடு. எப்படி?

பதில்: முதல் சந்தேகம் டேட்டாசெட் மீதுதான் வர வேண்டும். பிளான்ட்வில்லேஜில் இருப்பவை பறித்த இலையைச் சீரான பின்னணியில் வைத்து எடுத்த படங்கள். பின்னணியிலிருந்து வெறும் 8 பிக்சல்களை மட்டும் கொடுத்துப் பயிற்றுவித்த மாடல்கூட 49 சதவீதம் சரியாகச் சொன்னதாக 2022இல் ஓர் ஆய்வு காட்டியது. பயிரும் நோயும் சேர்த்து மொத்தம் 38 வகைகள். குருட்டாம்போக்கில் சொன்னால் 2.6 சதவீதம்தான் தேறும். பாதிக்குப் பாதி படங்களில் விடை சொல்ல இலையே தேவைப்படவில்லை!

உங்கள் மாடலும் அப்படித்தானா என்று பார்க்க, கிராட்-கேம் (Grad-CAM) என்ற முறையில் தொடங்குங்கள். படத்தின் வடிவங்களைத் தேடும் அடுக்குகளில் கடைசியானதில் (கன்வல்யூஷன் அடுக்கு) எந்தெந்தப் பகுதி அந்த விடையின் மதிப்பெண்ணை உயர்த்தியது என்று கணக்கிட்டு, படத்தின் மேல் வண்ணமாகப் பூசிக் காட்டும்; அதிகம் உயர்த்திய இடம் சிவப்பு. உங்கள் மாடல் ரெஸ்நெட்-50 என்ற பிரபல வகை என்றால் அந்த அடுக்கு வழக்கமாக 7×7 கட்டம்தான். அதைப் பெரிதாக்கித்தான் காட்டுகிறார்கள். எனவே சிறு புள்ளி நோய்களில் சிவப்பு எங்கே விழுந்தது என்று மில்லிமீட்டர் கணக்கில் வாதாடாதீர்கள்.

அந்த வண்ணப்படத்தையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். மாடல் பயிற்சியில் கற்றுச் சேர்த்த எண்களான எடைகளைக் கலைத்துத் தாறுமாறான எண்களைப் போட்டுவிட்டு மறுபடி வரையுங்கள். படம் மாறவே இல்லையென்றால், அது மாடலைப் பற்றி எதுவும் சொல்லவில்லை, இலையின் விளிம்பைத்தான் வரைகிறது. 2018இல் இப்படிச் சோதித்தபோது கிராட்-கேம் தேறியது. இதேபோல் படம் வரைந்து காட்டும், பலரும் விரும்பிய கைடட் பேக்புரொபகேஷன் என்ற இன்னொரு முறை தேறவில்லை.

என்னைக் கேட்டால், இதைவிட வலுவான சாட்சி மறைத்துப் பார்ப்பது. இலையை மட்டும் மறைத்துவிட்டு மாடலைக் கேளுங்கள். அப்போதும் அதே நோயை அடித்துச் சொன்னால் குட்டு வெளிப்பட்டுவிடும். ஒரே சாம்பல் நிறத்தால் மறைத்தால் போதாது. அப்படியொரு படத்தை மாடல் பார்த்ததே இல்லை என்பதால் அதுவே குழப்பும். இலையை வெட்டி எடுத்து வயல் மண், களை, வைக்கோல் பின்னணிகளில் ஒட்டியும் பாருங்கள். அந்தப் படங்களையே பயிற்சியில் சேர்த்தால் பாதி வைத்தியமும் ஆயிற்று. மீதிக்கு வயல் படங்கள்தான் வேண்டும்.

படத்தைப் பார்த்துக் காரணத்தை வாக்கியமாக எழுதித்தரும் மாடல்களும் உண்டு. எழுதும் பகுதி வேறு, முடிவெடுக்கும் பகுதி வேறு என்றால், வருவது அழகான சமாதானமாக மட்டும் இருக்கலாம்.

கைடிடம் போகும்போது, தவறாகச் சொன்ன வயல் படங்களின் வண்ணப்படங்களை முதலில் வையுங்கள்.