புனுவல் படங்களை எப்படிப் படிப்பது?

கேள்வி: டெல்லி மயூர் விஹாரில் இருக்கிறேன். முதுகலை ஊடகப் படிப்புக்காக ஸ்பெயின் திரைப்பட இயக்குநர் லூயிஸ் புனுவல் பற்றி 3000 சொற்களில் ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டும். அவருடைய ‘அன் ஷியன் ஆண்டலூ’ படத்தைப் பார்த்துவிட்டு எறும்பு, கழுதை, கத்தி என்று ஒவ்வொன்றுக்கும் குறியீட்டுப் பொருள் எழுதிக் கொடுத்தேன். “இதில் சினிமாவையே காணோமே” என்று பேராசிரியர் திருப்பிக் கொடுத்துவிட்டார். எங்கே தப்பு? – ஒரு மாணவி

பதில்: பேராசிரியர் சொன்னது சரிதான். 1929இல் வந்த அந்தப் படத்துக்குப் புனுவலும் ஓவியர் சால்வதோர் தாலியும் திரைக்கதை எழுதும்போது வைத்துக்கொண்ட விதியே, காரணம் சொல்லி விளக்கக்கூடிய எந்தப் பிம்பத்தையும் உள்ளே விடுவதில்லை என்பதுதான். எறும்புக்கு அர்த்தம் தேடினால் அவர்கள் வேண்டுமென்றே பூட்டிய கதவில் போய் முட்டிக்கொள்வீர்கள். கேள்வியை மாற்றிக் கேளுங்கள்: நடக்கவே முடியாததை இவர் எப்படி இவ்வளவு சாதாரணமாக நடத்திக் காட்டுகிறார்?

தொடக்கக் காட்சியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். தாளில் ஐந்து கட்டம் போடுங்கள்: ஷாட் (வெட்டில்லாமல் ஓடும் ஒரு துண்டு) எண், எத்தனை விநாடி, கேமரா எவ்வளவு தள்ளி, எது அசைகிறது, அடுத்த ஷாட்டோடு எது இணைக்கிறது. விஎல்சி பிளேயரில் ஆங்கில ‘ஈ’ விசையைத் தட்டினால் படம் ஒவ்வொரு ஃபிரேமாக நகரும். ஒருவர் சவரக்கத்தி தீட்டுகிறார்; அது புனுவலேதான். கட்டைவிரல் நகத்தில் பதம் பார்த்துவிட்டு பால்கனிக்குப் போய் நிலாவைப் பார்க்கிறார். ஒரு பெண்ணின் முகம், அவள் கண்ணை அகலத் திறக்கும் விரல்கள். மெல்லிய மேகம் நிலாவைக் குறுக்கே கடக்கிறது. அடுத்து, கத்தி கண்ணைக் கிழிக்கிறது. உண்மையில் அறுபட்டது கன்றுக்குட்டியின் கண். கத்தி தீட்டும்போது டை கட்டாத ஆளுக்கு, கண்ணைத் திறக்கும் ஷாட்டில் கோடு போட்ட டை இருக்கிறது! மேகத்தின் அசைவும் கத்தியின் அசைவும் ஒரே வாகில் போவதால் மனம் அந்த வெட்டுக்கு முன்னரே இணங்கிவிடுகிறது. கண்ணை மூடிக்கொள்ள நேரமில்லை. இதை எழுதினால் அது சினிமாவைப் பற்றிய பத்தி.

இணையத்தில் கிடைக்கும் பிரதிகள் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. ஒன்று 16 நிமிடம், இன்னொன்று 21. ஆகவே நிமிடக் கணக்கு வேண்டாம், ஷாட் எண்ணைக் கொடுங்கள். இசையிலும் பலர் சறுக்குகிறார்கள். அது மௌனப்படம். முதல் திரையிடலில் புனுவல் கிராமஃபோனில் ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் இசையையும் அர்ஜென்டீனாவின் டேங்கோ நடன இசையையும் மாறிமாறிப் போட்டார். இப்போது படத்தோடு கேட்கும் இசைத்தடம் 1960இல் சேர்த்தது. ஷாட் மாறும் இடத்தோடு இசை பொருந்துவதை 1929இன் திட்டமாக எழுதிவிடாதீர்கள்.

இதே முறை புனுவலின் மற்ற படங்களுக்கும் உதவும். ‘லாஸ் ஹுர்தெஸ்’ (1933) ஆவணப்படம் என்ற பெயரில் வருவது. மலையாடு கால் இடறி விழுகிறது என்று வர்ணனை சொல்லும் இடத்தில் ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்துங்கள்: திரையின் வலது ஓரத்தில் துப்பாக்கிப் புகை தெரியும். ஆடு இடறவில்லை, சுடப்பட்டது.

கட்டுரைக்கு எங்கள் தேர்வு ‘தி எக்ஸ்டெர்மினேட்டிங் ஏஞ்சல்’ (1962), அதிலும் விருந்தின் தொடக்கம் மட்டும். விருந்தாளிகள் மாளிகைக்குள் நுழைந்து மாடி ஏறுகிறார்கள். கொஞ்ச நேரத்தில் அதே நுழைவு மறுபடியும், வேறு கோணத்தில். வீட்டுக்காரர் கோப்பையை உயர்த்திப் பேசுவதும் இரண்டு தடவை. முதல் தடவை எல்லோரும் காது கொடுக்கிறார்கள், அடுத்த தடவை யாரும் சட்டை செய்வதில்லை. ‘இது விசித்திரம்’ என்று சொல்லித்தரும் இசையோ புகைமூட்டமோ கிடையாது. ஒளிப்பதிவாளர் கப்ரியேல் ஃபிகுரோவாவே பிரதியைப் பார்த்துவிட்டு எடிட்டிங்கில் தவறு நேர்ந்ததாக நினைத்தார். இரண்டு நுழைவுகளையும் பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களில் எழுதி, எது மாறியது, எது மாறவில்லை என்று குறியுங்கள். கட்டுரையில் பாதி அதிலேயே வந்துவிடும்.

நேரமிருந்தால் ‘தி டிஸ்க்ரீட் சார்ம் ஆஃப் த பூர்ஷ்வாசி’யில் (1972) ஒலியை மட்டும் கவனியுங்கள். பின்னணி இசை இல்லை. அமைச்சர் முக்கியமான காரணத்தைச் சொல்ல வாயெடுக்கும்போது விமான இரைச்சல் அதை விழுங்கிவிடும்.

புனுவலின் சுயசரிதை 1982இல், முதுமையில் அவருடைய திரைக்கதையாசிரியர் ழான்-க்ளோத் கரியேரின் துணையோடு வந்தது. அவர் என்ன நினைத்தார் என்பதற்கு அதை மேற்கோள் காட்டலாம். திரையில் என்ன இருக்கிறது என்பதற்கு உங்கள் கட்டத்தாள்தான் சான்று.

உங்கள் ஊரிலேயே கன்னாட் பிளேஸ் பக்கம் ஹனுமான் சாலையில் ஸ்பெயின் அரசின் மொழி, பண்பாட்டு மையமான செர்வாந்தஸ் நிறுவனம் இருக்கிறது, நூலகத்தோடு. ப்ளூ லைனில் ராஜீவ் சௌக் இறங்கினால் நடந்தே போகலாம். உறுப்பினர் விதிகளையும் புனுவல் பற்றி என்னென்ன இருக்கிறது என்பதையும் முதலில் போனில் கேட்டுக்கொள்ளுங்கள். கட்டுரையின் முதல் பத்தியில் புனுவல் பிறந்த ஊர், ஆண்டு எதுவும் வேண்டாம். மாளிகை வாசலில் தொடங்குங்கள்.