கல் எட்டாத தூரம்

கேள்வி: 1970இல் அமெரிக்காவின் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் துவக்குச்சூடு நடந்தபோது அங்கே படித்துக்கொண்டிருந்ததாக முன்பு எழுதியிருந்தீர்கள். மாணவர்கள் கல்லெறிந்தபடியால்தானே படையினர் சுட்டார்கள்?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: கல்லெறிந்தார்கள், கண்டேன். கண்ணீர்ப்புகைக் குண்டுகளைத் திருப்பி எறிந்தவர்களையும் கண்டேன். ஏப்ரல் 30 இரவு, வியட்நாம் போர் போதாதென்று கம்போடியாவுக்குள்ளும் படை போகிறது என்று ஜனாதிபதி நிக்சன் அறிவித்ததிலிருந்து பிள்ளைகள் கொதித்துப்போயிருந்தார்கள். சனிக்கிழமை இரவு கம்பஸில் இருந்த இராணுவப் பயிற்சிக் கட்டடம் எரிந்தது. அதுவும் உண்மைதான்.

மே 4, திங்கட்கிழமை. வகுப்புக்குப் போகும் வழியில் பிரென்டிஸ் ஹோல் விடுதியின் வாகனத் தரிப்பிடத்தில் நின்று பார்த்தேன். ஒஹாயோ தேசியக் காவல் படையினர் மேட்டில் ஏறித் திரும்பிப் போனார்கள். சரி, முடிந்தது என்று நடக்கத் தொடங்கினேன். 12.24க்குச் சீனவெடி கொளுத்தியது போல ஒரு சத்தம். "வெற்றுத் தோட்டாதான்" என்று யாரோ கத்தினான். பக்கத்துக் காரின் கண்ணாடி உடைந்து என் பிடரியில் கொட்டிய பிறகுதான் விழுந்து படுத்தேன். 13 வினாடி, 67 வேட்டு. காருக்கடியில் நீட்டிய என் கையில் ஒரு கொப்பி. எஞ்சின் எண்ணெய் அதன்மேல் சொட்டுச் சொட்டாக விழுந்தது. அந்தக் கொப்பி இன்னமும் வெள்ளவத்தை வீட்டு அலுமாரியில் இருக்கிறது, கறையோடு.

நான்கு பேர் செத்தார்கள்: ஜெஃப்ரி மில்லர், அலிசன் க்ராஸ், வில்லியம் ஷ்ரோடர், சான்ட்ரா ஷூயர். ஒன்பது பேருக்குக் காயம். உயிருக்குப் பயந்து சுட்டோம் என்றார்கள் படையினர். செத்தவர்களில் ஆகக் கிட்ட நின்றவர் ஏறத்தாழ 80 மீற்றர் தள்ளி நின்றார். ஷ்ரோடரும் சான்ட்ராவும் 120 மீற்றரளவில். ஆறு கிரிக்கெட் பிட்ச் நீளம்! காலிமுகத்திடலில் விளையாடும் பொடியன்களைக் கேட்டுப் பாருங்கள், அங்கிருந்து எறியும் கல் தலைக்கவசம் போட்டவனை என்ன செய்யும் என்று. ஷ்ரோடர் இராணுவப் பயிற்சி பெற்றுவந்த மாணவர். சான்ட்ரா வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தவர்.

அப்புறம் நடந்ததை யாரும் கேட்பதில்லை. பிள்ளைகள் புல்லில் உட்கார்ந்துவிட்டார்கள், எழும்ப மறுத்தார்கள். படையினர் மறுபடி சுடுவார்கள் என்றே நினைத்தேன். கிளென் ஃபிராங்க் என்ற புவிச்சரிதவியல் பேராசிரியர் தொண்டை அடைக்க, அழுதபடி, "போய்விடுங்கள்" என்று கெஞ்சினார். வளர்ந்த ஒரு ஆசிரியர் மாணவர் முன்னால் அப்படி அழுததை நான் வேறெங்கும் கண்டதில்லை. அவருக்காகத்தான் எழும்பினோம்.

அன்றே கம்பஸை மூடி எல்லாரையும் வெளியேற்றினார்கள். பத்திரமாக இருக்கிறேன் என்று வீட்டுக்குத் தந்தி அடித்தேன். அப்பாவின் பதில் கடிதம் முழுக்க இலங்கையின் மே 27 பொதுத் தேர்தல் பற்றித்தான். கடைசி வரியில் மட்டும், "நீ கல்லெறியவில்லைத்தானே?" என்று கேட்டிருந்தார்.

இல்லை என்று எழுதினேன். சான்ட்ராவும் எறியவில்லை என்று எழுத அன்று எனக்குத் தோன்றவில்லை.