விலைவாசி ஏறும்போது வீட்டுச் சேமிப்புக்கு என்ன ஆகிறது?

விலைவாசி உயர்வும், நாளைக்கு என்ன ஆகுமோ என்ற நிலையும் குடும்பச் சேமிப்பை எப்படிப் பாதிக்கின்றன என்று கேட்டிருக்கிறீர்கள். அப்பா சென்னை காசிமேட்டில் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். வீட்டுக் கணக்கு நோட்டு எழுதுவது நான். அதை வைத்தே சொல்கிறேன்.

எங்களுக்கு வருமானம் இல்லாத காலம் முன்கூட்டியே தெரியும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடை. அரசு நிவாரணம் வாடகைக்கும் அரிசிக்கும் சரியாகிவிடும். மீதிக்கு அம்மா தை மாதத்திலிருந்தே எடுத்து வைப்பார். பயம் இருந்தால் சேமிப்பு கூடும் என்பது உண்மைதான். ஆனால் விலைவாசியும் சேர்ந்துகொண்டால் எடுத்து வைக்கக் கையில் எதுவும் நிற்பதில்லை.

2022 ஏப்ரலில் தடை தொடங்கும்போது சென்னையில் டீசல் லிட்டர் 100 ரூபாயைத் தாண்டியிருந்தது. வரிவிலக்கு டீசல் ஓரளவுதான் கிடைக்கும், தீர்ந்தால் வெளியே பெட்ரோல் பங்க்கில்தான் போட வேண்டும். டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவையெல்லாம் கழித்த பிறகே ஆட்களுக்குப் பங்கு. அதனால் மீன் நல்ல விலைக்கு ஏலம் போன நாளிலும் அப்பா கொண்டுவந்த காசு குறைந்தது. வீட்டிலோ, 2021 தொடக்கத்தில் 710 ரூபாயாக இருந்த சிலிண்டர் 2023 மார்ச்சில் 1,118 ரூபாய் 50 காசு.

முதலில் நின்றது தபால் நிலைய ஆர்.டி., அதாவது மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பு. அப்போது அதன் வட்டி 5.8 சதவீதம். 2022 ஏப்ரலில் நாட்டின் பணவீக்கம் 7.79. இந்தக் கணக்கெல்லாம் அம்மாவுக்குத் தெரியாது. "அஞ்சு வருஷம் கழிச்சு அந்தக் காசுல என்னடி வாங்க முடியும்?" என்றுதான் கேட்டார். தொடர்ந்து நாலு தவணை விட்டதும் கணக்கு நின்றது. அப்புறம் சேமிப்பெல்லாம் கைக்கு எட்டுகிற இடத்துக்கு வந்தது: தெருச் சீட்டு, அரை சவரன் கம்மல். தங்கம் விலை ஏறும், அவசரத்துக்கு அடகு வைக்கலாம், சரி. ஆனால் மாதம் நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டி என்றால் வருடத்துக்கு 24 சதவீதம். சேமிப்பாக வாங்கிய கம்மலே தடைக்காலத்தில் கடனாக மாறியது.

ரிசர்வ் வங்கிக் கணக்கிலும் குடும்பங்களின் நிகர நிதிச் சேமிப்பு 2020-21ல் ஜிடிபியில் (நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பில்) 11 சதவீதத்துக்கு மேல் இருந்து, 2022-23ல் சுமார் 5 ஆனது. நிகரம் என்றால் கடனைக் கழித்தது. மக்கள் சேமிப்பதை விட்டுவிட்டார்கள் என்று மட்டும் இதைப் படிக்கக் கூடாது. கடன் கூடியதும் அந்த வீழ்ச்சிக்குள் இருக்கிறது. கொரோனா வருடமான 2020-21ல் சம்பளம் நிற்காத வீடுகளில் செலவு குறைந்து பணம் சேர்ந்தது. எங்கள் தெருவில் அந்த வருடம் நகைகள் அடகுக்குப் போயின.

இப்போது 61 நாள் செலவுக்கான பணத்தைத் தனி வங்கிக் கணக்கில் போடுகிறேன். அது நிரம்பும்வரை தங்கம் வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அந்த வங்கிக் கணக்கில் வட்டி குறைவுதான், ஆனால் 24 சதவீதம் கட்டாமல் தப்பிக்கிறோமே. அம்மா இன்னும் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை. போன தடைக்காலத்தில் கம்மல் அவர் காதிலேயே இருந்தது.