தலைவலி தருவது பல்பின் மின்காந்தப் புலமா, சிமிட்டலா?

கேள்வி: வீட்டிலிருந்த பழைய விளக்குகளை எடுத்துவிட்டு எல்.இ.டி. பல்புகள் போட்டோம். அதன் பிறகு மாலையில் படிக்க உட்கார்ந்தால் தலை வலிக்கிறது. பல்பின் மின்காந்தப் புலம்தான் காரணம் என்கிறார் உறவினர் ஒருவர். புலத்தை அளக்கும் கருவியும், பல்பில் ஒட்டும் 'கதிர்வீச்சுத் தடுப்பு' ஸ்டிக்கரும் வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். அந்தக் காசில் நல்ல பல்பு வாங்குங்கள்.

மின்சாரம் ஓடும் எதைச் சுற்றியும் புலம் உண்டு. எவ்வளவு என்பதைத்தான் பார்க்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட பட்டியலில், டியூப்லைட்டிலிருந்து 30 செ.மீ. தூரத்தில் காந்தப்புலம் 0.5 முதல் 2 மைக்ரோடெஸ்லா. ஒரு மீட்டர் தள்ளிப்போனால் 0.25-க்கு மேல் இல்லை. பொதுமக்களுக்கான சர்வதேச வழிகாட்டு வரம்பு, 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு 200 மைக்ரோடெஸ்லா. பழைய டியூப்லைட்டில் அந்தப் புலத்தை உண்டாக்கும் கனத்த சோக்கும் எல்.இ.டி. பல்பில் கிடையாது.

இத்தகைய புலங்களை 2002-இல் 'புற்றுநோய் உண்டாக்கக்கூடும்' என்ற பிரிவில் சேர்த்தார்களே என்று உறவினர் கேட்கலாம். சேர்த்தது உண்மை. சராசரிப் புலம் 0.3, 0.4 மைக்ரோடெஸ்லாவைத் தாண்டிய வீடுகளில் குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோய் பற்றிய ஆய்வுகளே அதற்கு அடிப்படை. புலம்தான் காரணம் என்று அவை நிறுவவில்லை. கூரையில் தொங்கும் பல்பு அந்தச் சராசரியை உயர்த்தப்போவதில்லை. ஸ்டிக்கரோ, பல்பின் சூடு வெளியேறும் இடத்தை மூடி அதன் ஆயுளைக் குறைத்தாலும் குறைக்கும்!

உங்கள் தலைவலி கற்பனை என்று சொல்லவில்லை. நான் சந்தேகப்படுவது சிமிட்டலை. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் விளக்கின் ஒளி நொடிக்கு 100 முறை ஏறி இறங்கும். குண்டு பல்பின் இழை அதற்குள் ஆறிவிடாது. அதனால் ஒளி பெரிதாகக் குறையாது. எல்.இ.டி. அப்படியல்ல, மின்னோட்டம் குறைந்த கணமே மங்கிவிடும். அதைச் சமன்செய்வது பல்புக்குள் இருக்கும் 'டிரைவர்' என்ற மின்சுற்றின் வேலை. மலிவான பல்புகளில் தயாரிப்பாளர்கள் கைவைப்பதும் அங்கேதான். இந்த வேகத்துச் சிமிட்டல் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணும் மூளையும் அதை உணர்கின்றன. 1989-இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு ஒன்றில், அலுவலக டியூப்லைட்டுகளுக்கு உயர் அதிர்வெண் மின்னணு சோக் பொருத்தியதும் ஊழியர்களின் தலைவலியும் கண் சோர்வும் பாதிக்கும் கீழே இறங்கின.

சோதிப்பது எளிது. பல்பின் வெளிச்சம் விழும் வெள்ளைச் சுவரை மொபைலில் 'ஸ்லோ மோஷன்' வீடியோ எடுங்கள். சுவர் துடிப்பதுபோல் விட்டுவிட்டு மங்கினால் பல்பு மோசம். லேசான அசைவு மட்டும் தெரிந்தால் கவலை வேண்டாம். சாதாரண வீடியோவை நம்பாதீர்கள். பல மொபைல்கள் சிமிட்டலைத் தாமாகவே மறைத்துவிடும். கடையிலும் எரியவிட்டு இப்படியே பார்த்து வாங்குங்கள், கடைக்காரர் முறைத்தாலும் பரவாயில்லை.

பெட்டியில் 'சிமிட்டல் அற்றது' என்று எழுதியிருப்பது மட்டும் போதாது. எண் இருக்கிறதா என்று பாருங்கள். சிமிட்டலின் விளைவு எவ்வளவு தெரியும் என்பதைக் காட்டும் எஸ்.வி.எம். (SVM) என்ற அளவுக்கு ஐரோப்பிய விதிகள் வரம்பு வைத்திருக்கின்றன. 2024 செப்டம்பர் முதல் அது 0.4. இந்த எண் குறையக் குறைய நல்லது.

டிம்மர் இருந்தால் முழு வெளிச்சத்தில் மட்டுமின்றி, குறைத்து வைத்தும் சோதியுங்கள். முழு வெளிச்சத்தில் ஒழுங்காக இருக்கும் பல்பு, பாதியில் ஆட்டம் போடும்.

முதலில் நீங்கள் படிக்கும் இடத்துப் பல்பை மட்டும் மாற்றிச் சில வாரங்கள் பாருங்கள். வலி குறையாவிட்டால் கண்கூச்சமோ மூக்குக்கண்ணாடியின் பவரோ காரணமாக இருக்கலாம்; கண் மருத்துவரிடம் காட்டுங்கள். வெறும் கண்ணுக்கே விளக்கு சிமிட்டுவது தெரிந்தால், அதுவும் பல விளக்குகள் ஒன்றாகச் சிமிட்டினால், பல்பைக் குறை சொல்லாமல் எலெக்ட்ரீஷியனை அழையுங்கள். எங்கேனும் வயர் இணைப்பு தளர்ந்திருக்கக்கூடும். அதில் தீ விபத்து அபாயம் உண்டு.