மைல்கள் யாருடையவை? குடும்பக் கணக்கு பற்றி வாசகர் கேள்விகள்

கோடை விடுமுறைக்கு ஊர் வந்து திரும்பிய குடும்பங்களிடமிருந்து இந்த முறை நிறையக் கடிதங்கள். கேட்பது கிட்டத்தட்ட ஒன்றுதான். வீட்டில் நாலு பேர் பறக்கிறோம், நாலு பேர் கணக்கிலும் கொஞ்சம் கொஞ்சம் மைல்கள் (பறப்பதற்கு விமான நிறுவனம் தரும் புள்ளிகள்) கிடக்கின்றன, யாருக்கும் ஒரு டிக்கெட்டுக்குப் போதவில்லை, எல்லாவற்றையும் ஒன்றாக்க வழி உண்டா? ஒவ்வொரு விமான நிறுவனமும் இதற்கு ஒவ்வொரு பதில் வைத்திருக்கிறது. டிக்கெட் கவுன்டரில் பல வருடம் உட்கார்ந்தவன் என்ற முறையில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

நான் சிங்கப்பூரில் வேலை செய்கிறேன். அம்மா வருடத்துக்கு இரண்டு முறை திருச்சியிலிருந்து ஸ்கூட்டில் வருவார். டிக்கெட் பணம் நான்தான் கட்டுகிறேன். அந்த மைல்களை என் கிரிஸ்ஃபிளையர் (சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் மைல் திட்டம்) கணக்கில் சேர்க்கலாமா?

முடியாது. பணம் யார் கட்டினாலும், சீட்டில் உட்கார்ந்து பறந்தவர் பெயரில்தான் மைல் ஏறும். உலகில் எந்த நிறுவனத்தை எடுத்துக்கொண்டாலும் இதுதான் அடிப்படை. எனவே முதல் வேலையாக அம்மா பெயரில் ஒரு கணக்கு தொடங்குங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது. அடுத்த டிக்கெட் போடும்போதே அந்த எண்ணையும் சேர்த்துப் போடுங்கள். ஏற்கெனவே பறந்து முடித்த பயணங்கள் புதுக் கணக்கில் பெரும்பாலும் ஏறாது.

கிரிஸ்ஃபிளையரில் குடும்பக் கணக்கு என்று ஒன்று இல்லை. உங்கள் மைல்களை அம்மா கணக்குக்கும் அம்மாவுடையதை உங்கள் கணக்குக்கும் மாற்ற முடியாது. ஆனால் நாமினி என்று ஐந்து பேரைப் பதிவு செய்துகொள்ளலாம். உங்கள் மைல்களைக் கொண்டு அந்த ஐந்து பேருக்கும் டிக்கெட் எடுக்கலாம். உங்கள் கணக்கில் அம்மாவையும், அம்மா கணக்கில் உங்களையும் நாமினியாகப் போட்டுவிட்டால் தேவைக்கு இரண்டு பக்கமும் உதவும். போக உங்கள் கணக்கிலிருந்து, திரும்ப அம்மா கணக்கிலிருந்து என்று தனித்தனியாக ஒருவழி டிக்கெட் எடுப்பதுதான் அங்கே மைல்களைச் "சேர்க்கும்" வழி. அந்த ஐந்து இடத்தையும் யோசித்து நிரப்புங்கள், பெயரை மாற்றக் கட்டணம் கேட்பார்கள்.

இன்னொன்று, 36 மாதக் கெடு. 2024 மே மாதம் ஏறிய மைல்கள் 2027 மே கடைசியில் போய்விடும். நடுவில் எத்தனை முறை பறந்தாலும் பழைய மைல்களின் ஆயுள் நீளாது. ஒவ்வொரு 10,000 மைலுக்கும் 12 அமெரிக்க டாலரோ 1,200 மைலோ கொடுத்தால் ஆறு மாதம் நீட்டித்துத் தருவார்கள். டிக்கெட் எடுக்கும் திட்டம் கையில் இருந்தால் மட்டும் அதைச் செய்யுங்கள். சும்மா தள்ளிப்போட அந்தக் காசைக் கொடுக்க வேண்டாம்.

ஷார்ஜாவில் இருக்கிறேன். இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் ஊருக்குப் போவேன். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் வருடா வருடம் இங்கே வந்து போவார்கள். எமிரேட்ஸில் எங்கள் மைல்களைச் சேர்க்க முடியுமா? என் ரூமில் இருக்கும் நண்பர்களையும் சேர்க்கலாமா?

உங்கள் குடும்பத்துக்காகவே செய்து வைத்தது போன்ற வசதி அது. எமிரேட்ஸின் மைல் திட்டமான ஸ்கைவார்ட்ஸில் 'மை ஃபேமிலி' என்று இருக்கிறது. நீங்கள் குடும்பத் தலைவராக இருந்து எட்டுப் பேர் வரை சேர்க்கலாம், இலவசம்தான். ஒவ்வொருவரும் தான் சம்பாதிக்கும் மைல்களில் எத்தனை சதவீதம் குடும்பக் கணக்குக்குப் போகட்டும் என்று தீர்மானிக்கலாம். 100 சதவீதம் வரை போடலாம். உங்கள் வீட்டில் எல்லோருக்கும் 100 என்றே போட்டுவிடுங்கள் என்பேன். பாதி இங்கே பாதி அங்கே என்று வைத்தால் கடைசியில் இரண்டு இடத்திலும் அரைகுறையாகக் கிடக்கும்.

இதை இன்றைக்கே செய்யுங்கள். ஸ்கைவார்ட்ஸ் மைல்களுக்கு மூன்று வருட ஆயுள், அது முடிவது உறுப்பினர் பிறந்த மாதத்தின் கடைசியில். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஊருக்குப் போகிறவர் மூன்றாவது பயணத்துக்குக் கிளம்பும் முன்பே முதல் பயணத்து மைல்கள் கரைந்திருக்கும். வளைகுடாவில் பத்துப் பதினைந்து வருடம் உழைத்துவிட்டு, ஒரு டிக்கெட்கூட மைல்களில் எடுக்காமல் ஊர் திரும்பியவர்களை எனக்கு நிறையத் தெரியும். அவர்கள் பறக்காமல் இல்லை. மைல்கள் தனித்தனியாகக் கிடந்து காலாவதியாகின. குடும்பக் கணக்கு தொடங்கிய பிறகு சம்பாதிக்கும் மைல்கள்தான் அதற்குள் போகும், அதனால்தான் அவசரப்படுத்துகிறேன்.

பிள்ளைகளுக்கு 2 வயதிலிருந்து 17 வரை ஸ்கைசர்ஃபர்ஸ் கணக்கு தொடங்கலாம். மடியில் வைத்துக் கூட்டி வரும் கைக்குழந்தைக்கு மைல் கிடையாது.

ரூம் நண்பர்களைச் சேர்க்க முடியாது, குடும்ப உறவு இருக்க வேண்டும். அமெரிக்காவில் ஜெட்ப்ளூவும் யுனைடெட்டும் யாரோடும் சேர்ந்து போட விடுகின்றன, இங்கே அது இல்லை. நண்பரை "தம்பி" என்று எழுதிச் சேர்த்துவிட்டு, பிறகு கணக்கையே முடக்கிக்கொள்ள வேண்டாம்.

அப்பாவின் போர்டிங் பாஸில் இருக்கும் பெயரும் அவர் உறுப்பினர் கணக்கில் இருக்கும் பெயரும் வேறுவேறாம், அதனால் மைல் ஏறாது என்கிறார்கள். ஒரே ஆள்தானே? (மதுரை)

ஒரே ஆள்தான் என்பது உங்களுக்கும் எனக்கும் தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியாது. நம்மூர்க்காரர்கள் மைல்களை இழக்க முதல் காரணம் இந்தப் பெயர்ச் சிக்கல்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான் உண்டு. சுப்பையா மகன் முத்துக்குமார் என்று வையுங்கள். ரேஷன் கார்டில் அவர் எஸ். முத்துக்குமார். பாஸ்போர்ட் எடுக்கும்போது இனிஷியலை விரித்து எழுதச் சொல்வார்கள். ஒருவர் குடும்பப் பெயர் கட்டத்தில் சுப்பையா என்று எழுதுவார். இன்னொருவர் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டு, கீழே முத்துக்குமார் சுப்பையா என்று சேர்த்தே எழுதுவார். பிறகு பேரன் ஃபோனில் உறுப்பினர் கணக்கு தொடங்கும்போது, கடைசிப் பெயர் கட்டாயம் என்று திரை அடம்பிடிக்க, 'எஸ்' என்று ஒரே எழுத்தைத் தட்டிவிடுவான். டிக்கெட் போடுகிற ஏஜென்ட்டோ முத்துக்குமாரையே இரண்டு கட்டத்திலும் போடுவார். ஆக ஒரு மனிதருக்கு மூன்று பெயர். டிக்கெட்டும் கணக்கும் ஒத்துப்போகவில்லை என்றால் மைல் ஏறாது.

பாஸ்போர்ட்டைத் திறந்து அதில் அச்சாகியிருக்கும் பெயரை எழுத்துக்கு எழுத்து அப்படியே கணக்கிலும் டிக்கெட்டிலும் போடுங்கள். ஊரில் கூப்பிடும் பெயர், பள்ளிச் சான்றிதழ்ப் பெயர் எதுவும் வேண்டாம். கணக்கு ஏற்கெனவே தவறாக இருந்தால் பாஸ்போர்ட் நகலோடு நிறுவனத்துக்கு எழுதித் திருத்திக்கொள்ளலாம். பறந்த பயணத்து மைல்களை ஆறு மாதத்துக்குள் கேட்டுப் பெறலாம் என்பதுதான் பல நிறுவனங்களில் இருக்கும் விதி. அதுவரை போர்டிங் பாஸை எறியாதீர்கள். ஃபோனில் ஒரு படம் எடுத்து வைத்தாலும் போதும்.

பாஸ்போர்ட்டில் ஒரே பெயர்தான் இருக்கிறது என்றால் அதை மைலுக்காக மட்டும் பார்க்காதீர்கள். சுற்றுலா, விசிட் விசாவில் வருபவரின் பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் அனுமதியில்லை என்று 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தது. தந்தை பெயர் இரண்டாம் பக்கத்தில் இருந்தால் ஏற்பதாகப் பிறகு விளக்கம் தந்தார்கள். அடுத்த முறை புதுப்பிக்கும்போது அப்பா பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டத்தையும் நிரப்பிவிடுங்கள்.

லண்டனில் நான், கணவர், இரண்டு பிள்ளைகள். பிரிட்டிஷ் ஏர்வேஸில் ஹவுஸ்ஹோல்ட் அக்கவுன்ட் தொடங்கலாமா என்று யோசிக்கிறேன். என் ஏவியாஸில் (பிரிட்டிஷ் ஏர்வேஸ் மைல்களின் பெயர்) சென்னையில் இருக்கும் தங்கை மகளுக்கு ஒரு டிக்கெட் எடுக்கும் ஆசையும் உண்டு.

கையெழுத்துப் போடும் முன் கேட்டீர்களே, நல்லது. ஹவுஸ்ஹோல்ட் அக்கவுன்ட்டில் ஏழு பேர் வரை இருக்கலாம், எல்லோருடைய ஏவியாஸும் ஒரே குடமாகத் தெரியும். டிக்கெட் எடுக்கும்போது ஒருவர் கணக்கிலிருந்து மட்டும் எடுக்க முடியாது. யாரிடம் எவ்வளவு இருக்கிறதோ அந்த விகிதத்தில் எல்லோரிடமிருந்தும் கழியும்.

தங்கை மகள் விஷயம்தான் முக்கியம். தனிக் கணக்கு என்றால் உங்கள் ஏவியாஸில் யாருக்கு வேண்டுமானாலும் எடுக்கலாம். குடும்பக் கணக்கில் சேர்ந்துவிட்டால், அதில் இருப்பவர்களுக்கும் நீங்கள் முன்கூட்டிப் பதிவு செய்த ஐந்து பேருக்கும் மட்டும்தான். எனவே சேர்ந்த கையோடு அந்த ஐந்தில் ஒரு இடம் தங்கை மகளுக்கு. அக்கா தங்கை பிள்ளைகள், மாமியார், நாத்தனார் என்று பெரிய குடும்பமாக இருந்து, உங்கள் ஒருவர் கணக்கிலேயே நிறைய ஏவியாஸ் இருந்தால், சேராமல் இருப்பதே உங்களுக்கு நல்லது.

கத்தார் ஏர்வேஸும் 2022 முதல் ஏவியாஸ்தான். உங்கள் பெயரிலுள்ள இரண்டு கணக்குகளுக்கு இடையே மாற்றிக்கொள்ளலாம்.

நாங்கள் ஸ்காபரோவில் இருக்கிறம். அம்மா யாழ்ப்பாணத்தில இருந்து கொழும்பு, துபாய் வழியா எமிரேட்ஸில வந்து போறவா. ஏரோபிளான் குடும்பப் பகிர்வில அம்மாவைச் சேர்க்கலாமோ?

ஏர் கனடாவின் மைல் திட்டமான ஏரோபிளானின் குடும்பப் பகிர்வில் எட்டுப் பேர் வரை இருக்கலாம், கட்டணம் இல்லை. ஆனால் அது ஒரே வீட்டில் வசிப்பவர்களுக்கு. யாழ்ப்பாணத்து வீட்டில் இருக்கும் அம்மாவுக்கு அது பொருந்தாது. அதனால் உங்களுக்கு நட்டம் ஒன்றும் இல்லை. உங்கள் பாயின்ட்ஸில் அம்மாவுக்கு டிக்கெட் எடுக்க அவர் அந்தக் குடும்பப் பகிர்வில் இருக்கவே தேவையில்லை, அவருடைய பாஸ்போர்ட் விவரம் போதும்.

அம்மா எமிரேட்ஸில் வந்தாலும் ஏரோபிளான் எண்ணைக் கொடுத்துப் பாயின்ட்ஸ் சேர்க்கலாம். ஏர் கனடாவும் எமிரேட்ஸும் கூட்டு வைத்திருக்கின்றன. மிக மலிவான டிக்கெட்டில் குறைவாக ஏறலாம், சிலவற்றில் ஏறாமலும் போகலாம். செக்-இன் கவுன்டரில் ஒரு எண்தான் கொடுக்க முடியும், ஒரே பயணத்துக்கு இரண்டு இடத்தில் ஏறாது. அம்மா ஸ்கைவார்ட்ஸிலும் ஏரோபிளானிலும் மாறி மாறிச் சேர்த்தால் இரண்டிலும் உருப்படியாக எதுவும் நிற்காது. ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அந்த எண்ணை ஒரு அட்டையில் எழுதி அவருடைய பாஸ்போர்ட் உறைக்குள் வைத்துவிடுங்கள்.

கிளப் விஸ்தாராவில் என்னிடமும் மனைவியிடமும் பாயின்ட்ஸ் இருந்தன. இப்போது எங்கே? (சென்னை)

2024 நவம்பர் 12 அன்று விஸ்தாரா ஏர் இந்தியாவோடு இணைந்ததும் அவை ஏர் இந்தியாவின் மகாராஜா கிளப்புக்குப் போய்விட்டன. பழைய மின்னஞ்சலைக் கொண்டு உள்ளே போய்ப் பாருங்கள். இருவருக்கும் தனித்தனிக் கணக்கு இருக்கும்.

மெல்பர்னில் இருக்கிறோம். குவான்டஸா, வெலாசிட்டியா?

குடும்பத்துக்குள் கைமாற்ற வேண்டும் என்றால் இரண்டும் நல்லவை. குவான்டஸில் உறவினருக்கு ஒரு முறைக்குக் குறைந்தது 5,000 பாயின்ட்ஸ், 12 மாதத்தில் 6,00,000 வரை இலவசமாக மாற்றிக் கொடுக்கலாம். வர்ஜின் ஆஸ்திரேலியாவின் திட்டமான வெலாசிட்டியில் இரண்டு பெரியவர்களும் நான்கு பிள்ளைகளும் சம்பாதிப்பதை ஒருவர் கணக்கில் குவிக்கலாம், தகுதி உயர்வுக்குக் கணக்கிடும் ஸ்டேட்டஸ் கிரெடிட்டும் சேர்ந்தே போகும். இது அபூர்வம். மற்ற பெரும்பாலான இடங்களில் மைல்கள்தான் சேரும், வெள்ளி தங்கம் என்ற தகுதி ஒவ்வொருவரும் தானே பறந்து சம்பாதிக்க வேண்டியது. வீட்டில் ஒருவர் வேலை விஷயமாக அடிக்கடி பறக்கிறவராக இருந்தால் நான் வெலாசிட்டி என்பேன்.

கணவர் இறந்து நான்கு மாதம் ஆகிறது. அவருடைய கிரிஸ்ஃபிளையர் கணக்கில் என்னைத்தான் நாமினியாகப் போட்டிருந்தார். வங்கியில் போல எனக்கு வந்துவிடும் என்று நினைத்தேன். (கோயம்புத்தூர்)

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். வங்கி நாமினியும் விமான நிறுவனத்து நாமினியும் ஒன்றல்ல. வங்கியில் அது கணக்குக்காரர் காலத்துக்குப் பின் பணத்தைப் பெற்றுக்கொள்பவர். இங்கே அது, அவர் உயிரோடு இருக்கும்போது யாருக்காக டிக்கெட் எடுக்கலாம் என்பதற்கான பட்டியல் மட்டும். ஒரே சொல்லை இரண்டு இடத்திலும் வைத்து நம் மக்களைக் குழப்புவது எனக்கு நீண்டநாள் மனக்குறை.

மைல்கள் உறுப்பினரின் சொத்து அல்ல என்று விதிகளிலேயே எழுதியிருப்பார்கள். இறப்புக்குப் பின் சில நிறுவனங்கள் வாரிசுக்கு மாற்றித் தருகின்றன, சில ரத்து செய்துவிடுகின்றன. இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் நகல்களோடு மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள். கேட்பதில் குறைவு ஒன்றும் இல்லை. உறவினர்கள் யாராவது, "பாஸ்வேர்டு இருக்கிறதே, உள்ளே போய் டிக்கெட் எடுத்துவிடலாம்" என்று சொல்வார்கள். வேண்டாம். பிறகு அது தெரியவந்து டிக்கெட் ரத்தானால், விமான நிலையத்தில் பெட்டியோடு நிற்கப் போவது நீங்கள்தான்.

கிரெடிட் கார்டு பாயின்ட்ஸை மனைவியின் விமானக் கணக்குக்கு மாற்றலாமா? (பெங்களூரு)

பெரும்பாலான வங்கிகள் கார்டுக்காரர் பெயரிலுள்ள கணக்குக்கு மட்டுமே மாற்ற விடும். மனைவிக்கு டிக்கெட் எடுக்கத்தான் என்றால் உங்கள் கணக்கில் ஏற்றி அங்கிருந்து அவருக்கு எடுங்கள். ஒருமுறை ஏற்றிவிட்டால் திரும்ப வங்கிக்கு வராது. முதலில் வேண்டிய தேதியில் மைல்களில் எடுக்கக்கூடிய சீட் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மாற்றுங்கள். வரியும் கட்டணமும் மைல் டிக்கெட்டுக்கும் உண்டு, அதையும் அப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏஜென்ட்டே எங்கள் வீட்டில் எல்லோருக்கும் கணக்கு தொடங்கித் தருகிறேன் என்கிறார். விடலாமா? (தஞ்சாவூர்)

தொடங்கட்டும், ஆனால் மின்னஞ்சலும் ஃபோன் எண்ணும் உங்களுடையதாக இருக்க வேண்டும். என் அம்மாவுக்கு இப்படித்தான் ஒருவர் தன் அலுவலக மின்னஞ்சலைப் போட்டுக் கணக்கு தொடங்கினார். அக்காவைப் பார்க்க அம்மா மூன்று முறை போய்வந்தார். நான்காவது முறை மைல்களில் டிக்கெட் எடுக்கலாம் என்று உட்கார்ந்தபோது, அந்த அலுவலகம் மூடி ஒரு வருடம் ஆகியிருந்தது. ஓடிபி யாரும் திறக்காத ஒரு மின்னஞ்சலுக்குப் போய்க்கொண்டிருந்தது. போர்டிங் பாஸ்களை அம்மா பிஸ்கட் டப்பாவில் பத்திரமாக வைத்திருந்ததால், அவற்றையும் பாஸ்போர்ட்டையும் காட்டி மின்னஞ்சலை மாற்றினோம். அதற்கு ஏழு வாரம் ஆனது, அதற்குள் முதல் பயணத்து மைல்கள் காலாவதியாகிவிட்டன.