ஹெட்போனில் ஒரு மணி நேரம் பாட்டு கேட்டாலே காது சோர்ந்துவிடுகிறது. ஹெட்போனை மாற்ற வேண்டுமா?

இப்போதைக்கு மாற்ற வேண்டாம். சத்தத்தைக் குறையுங்கள். "கம்மியாத்தான் வைக்கிறேன்" என்பீர்கள். நானும் அதையேதான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

தாம்பரம் டு பீச் மின்சார ரயில், தினமும். ஏறும்போது ஏழில் இருக்கும் வால்யூம், கிண்டி வரும்போது பன்னிரண்டில் நிற்கும். ஏற்றியது நான்தான், ஏற்றிய நினைவுதான் இருக்காது. ஒருநாள் வீட்டுக்கு வந்து இயர்போனைக் கழற்றினால் காதில் பஞ்சடைத்த மாதிரி இருந்தது. ஃபேன் சுற்றுகிறது, சத்தத்தைக் காணோம். அம்மா இரண்டு தடவை கூப்பிட்டிருக்கிறார். மூன்றாவது தடவை கரண்டியோடு வந்து நின்று, "எதுக்குடா இப்படிக் கத்திப் பேசுற?" என்றார். படுக்கும்வரை காதுக்குள் ங்ங்ங் என்று ஒரே இரைச்சல்.

மறுநாள் சரியாகிவிட்டது. ஆனாலும் பயந்துபோய்க் காது டாக்டரிடம் போனேன். காது எவ்வளவு கேட்கிறது என்று பார்க்கும் ஆடியோகிராம் சோதனை நல்லபடியாக வந்தது. உள்காதில் இருக்கும் மயிர்ச் செல்கள் களைத்தால் தேறும், செத்தால் திரும்ப முளைக்காது என்றார். உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி 80 டெசிபல் (சத்தத்தின் அளவு) வைத்து வாரம் 40 மணி நேரம் கேட்கலாம். 90 டெசிபல் என்றால் வெறும் 4 மணி நேரம். என் ரயில் பயணம் எந்தக் கணக்கில் வந்திருக்கும் என்று யோசிக்கவே பிடிக்கவில்லை.

இயர்போன் டப்பாவில் மூன்று அளவில் ரப்பர் மூடிகள் கொடுத்திருந்தார்கள். இரண்டு வருடமாக அந்தப் பாக்கெட்டை நான் பிரிக்கவே இல்லை. வலக்காதுக்குப் பெரியது, இடக்காதுக்கு நடுவாந்தரம். சரியாக அடைத்துக்கொண்டதும் ரயில் சத்தம் பாதி வெளியே நின்றுவிட்டது, பேஸும், அதாவது பாட்டின் கனத்த அடிச்சத்தமும், திரும்பி வந்தது. இப்போது எட்டே போதும். கனத்த சத்தம், கீச்சுச் சத்தம் என்று தனித்தனியாக ஏற்றி இறக்கும் ஈக்வலைசரில் 2 முதல் 5 கிலோஹெர்ட்ஸ் வரையுள்ள சத்தத்தை மூன்று டெசிபல் இறக்கினேன். நம் காதுக்குக் கூர்மை அதிகம் அங்கேதான், பாட்டு "குத்துவதும்" அங்கேதான். பழைய ஸ்டீரியோ பாட்டில் தபலா ஒரு காது, வயலின் ஒரு காது என்று பிய்த்து வைத்திருந்தால் போன் செட்டிங்ஸில், இரண்டு காதுக்கும் ஒரே சத்தத்தைத் தரும் மோனோ ஆடியோவைப் போட்டுவிடுவேன்.

"மட்டமான இயர்போனுக்கு இவ்வளவு பேச்சா" என்று ஆடியோ அன்பர்கள் கிளம்பி வருவார்கள். நண்பனின் இருபதாயிரம் ரூபாய் ஹெட்போனையும் ஒரு வாரம் மாட்டிப் பார்த்தேன் சாமி. காது மடல் வியர்த்ததுதான் மிச்சம். வெளிச்சத்தத்தை அமுக்கும் நாய்ஸ் கேன்சலிங் வசதி சிலருக்கு நன்றாக ஒத்துப்போகிறது. எனக்கு லிஃப்டில் இறங்குகிற மாதிரி காதை அமுக்கியது. நான் டாக்டரும் இல்லை. இரைச்சல் ஒரு நாளைத் தாண்டினாலோ, ஒரு காது மட்டும் மந்தமானாலோ இங்கே கேட்டுக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ரயில் சத்தம் என்று சொன்னேன் அல்லவா, அதில் பாதி ரயிலுடையது இல்லை. எதிர் சீட்டில் ஒருவர், இயர்போன் கிடையாது, ஃபுல் வால்யூமில் ரீல்ஸ். பத்து நொடிக்கொரு தரம் அதே சிரிப்புச் சத்தம். "கொஞ்சம் குறைச்சுக்கோங்க சார்" என்றேன். என் காதைப் பார்த்துவிட்டு, "அதான் மாட்டியிருக்கீங்களே, அப்புறம் என்ன?" என்றார்.

அன்றைக்கு மட்டும் பதினாலு வரைக்கும் ஏற்றினேன்.